கீழே இரண்டு துளை

நம்மூரில் கார் வாங்கும் பேச்சில் தவறாமல் காதில் விழும் ஒரு வாக்கியம்: "அதெல்லாம் அப்புறம் வெளியில போட்டுக்கலாம் சார்." சீட் கவர், மியூசிக் சிஸ்டம், ரிவர்ஸ் கேமரா, அலாய் வீல் என்று ஷோரூமில் விட்டதையெல்லாம் வெளியில் பிடித்துவிடலாம். பெட்ரோல் காருக்கு எல்பிஜி கிட் ஏற்றி, டிக்கியில் உருளையை வைத்துக்கொண்டு பத்து வருடம் ஓட்டியவர்கள் எத்தனையோ பேர். கார் என்பது அடிப்படையில் ஒரு கூடு, அதில் எதையும் எப்போது வேண்டுமானாலும் சேர்க்கலாம் என்ற நம்பிக்கை நமக்கு ஊறிப்போனது. அந்த நம்பிக்கை தப்பும் அல்ல. இத்தனை காலம் அது சரியாகத்தான் இருந்தது.

எங்கள் தெருவில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் சிறிய மின்கார் ஒன்றைப் பழையதாக வாங்கினார். ஒரு மாதம் கழித்து வாசலில் நிறுத்திக் கேட்டார்: "தம்பி, இதுல ஃபாஸ்ட் சார்ஜிங் இல்லையாமே? வெளியில போட்டுக்க முடியுமா? இன்வெர்ட்டர் பேட்டரி விக்கிற பையன், கொண்டாங்க பாத்துடலாம்னு சொல்றான்." சார்ஜிங் மூடியைத் திறக்கச் சொன்னேன். உள்ளே வட்டமான சாக்கெட், அதில் ஏழு துளைகள். அதற்குக் கீழே வழவழப்பான பிளாஸ்டிக், வேறொன்றுமில்லை. வேகச் சார்ஜிங் உள்ள காராக இருந்தால் அந்த வட்டத்துக்குக் கீழே விரல் நுழையும் அளவில் இரண்டு பெரிய துளைகள் இருந்திருக்கும். "அந்த ரெண்டு ஓட்டைதானே சார் இல்ல, போட்டுட்டா போச்சு" என்று அந்தப் பையன் நினைத்திருக்க வேண்டும். யாருக்கும் முதலில் தோன்றுவது அதுதான்.

அது ஏன் போகாது என்று பார்க்க, கொஞ்சம் உள்ளே போக வேண்டும்.

வீட்டுக்கு வருவது ஏசி மின்சாரம். பேட்டரிக்கு வேண்டியது டிசி. செல்போனுக்கு அதன் சார்ஜர் செய்யும் மாற்று வேலையைக் காருக்குள் உட்கார்ந்திருக்கும் ஆன்போர்டு சார்ஜர் செய்கிறது. எந்நேரமும் காரோடு சுமந்து திரிய வேண்டிய பெட்டி என்பதால் அதைச் சிறிதாகத்தான் செய்வார்கள்: 3.3 கிலோவாட், 7.2 கிலோவாட், மிஞ்சிப்போனால் 11 அல்லது 22. (ரெனோவின் ஆரம்பகால ஸோயி மட்டும் மோட்டாரின் சுருள்களையே சார்ஜருக்கும் பயன்படுத்தி ஏசியில் 43 கிலோவாட் வரை போனது. கெட்டிக்காரத்தனமான வேலை, ஆனால் மற்றவர்கள் பின்பற்றவில்லை.) நெடுஞ்சாலையோரம் நாம் பார்க்கும் வேகச் சார்ஜிங் இந்தப் பெட்டியை அப்படியே ஒதுக்கிவிடுகிறது. மாற்றும் வேலையை பீரோ அளவில் வெளியே நிற்கும் நிலையமே செய்து, டிசியை நேராகப் பேட்டரிக்குள் தள்ளுகிறது.

அப்படியென்றால் கார் பக்கத்தில் வேலை குறைவுதானே? சார்ஜரே வெளியில்தான் இருக்கிறது. இரண்டு தடித்த வயரைப் பேட்டரியிலிருந்து இழுத்து வெளியே விட்டால் போதாதா?

போதாது. அப்படி இழுத்துவிட்டால் அந்த இரண்டு துளைகளிலும் இரவும் பகலும் 350, 400 வோல்ட் உயிரோடு நிற்கும். குழந்தை விரலை விட்டால் முடிந்தது. அதனால் துளைக்கும் பேட்டரிக்கும் நடுவே இரண்டு காண்டாக்டர்கள் வேண்டும். கிணற்று மோட்டார் ஸ்டார்ட்டரில் 'டொக்' என்று விழுமே, அதன் பெரிய அண்ணன். ஸ்டார்ட்டரில் காண்டாக்டர் ஒட்டிப்போய், மோட்டாரை நிறுத்த முடியாமல் ஃபியூஸைப் பிடுங்கிய அனுபவம் விவசாயிகளுக்கு இருக்கும். ஏசியில் மின்னோட்டம் நொடிக்கு நூறு முறை பூஜ்யத்தைத் தொட்டு மீள்வதால் பிரியும் முனைகளுக்கிடையே எழும் தீப்பொறி தானாக அணைய வாய்ப்புண்டு. டிசிக்கு அந்தப் பூஜ்யமே கிடையாது. பொறி அணையாமல் நின்று முனைகளை உருக்கும். எனவே காரில் இருக்கும் காண்டாக்டர் காற்றுப்புகாத உறைக்குள் வாயு நிரப்பி, பொறியை இழுத்து நீட்டி அறுக்கக் காந்தம் வைத்துச் செய்யப்பட்ட தனி ஜாதி. ஸ்டார்ட்டர் கடையில் கிடைப்பதை அங்கே மாட்ட முடியாது.

பிறகு சூடு. 400 வோல்ட் பேட்டரிக்குள் 50 கிலோவாட் போக 125 ஆம்பியர் ஓட வேண்டும். வீட்டில் ஏசி மெஷின் போடும் பெரிய பிளக் 16 ஆம்பியருக்கானது. மின்னோட்டம் 10 மடங்கானால் அதே வயரில் சூடு 100 மடங்காகும். அதனால்தான் காரின் சாக்கெட் முனைகளிலேயே வெப்ப உணரி இருக்கிறது. அதற்கு அப்பால் பேட்டரி, அந்தச் சூட்டைத் தாங்கும் குளிரூட்டல், கூடிக்குறையும் வெப்பத்துக்கேற்ப ஆம்பியரைக் குறைக்கச் சொல்லும் மென்பொருள் என்று வரிசை நீளும். நிஸான் லீஃப் காரில் பேட்டரிக்குத் திரவக் குளிரூட்டல் வைக்கவில்லை. 2018 மாடலாக வந்த 40 யூனிட் லீஃபை ஒரே நாளில் இரண்டாவது, மூன்றாவது முறை வேகமாகச் சார்ஜ் செய்தால் கார் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொண்டது. கம்பெனியே செய்த காரில் இந்த நிலை.

இவையெல்லாம் இரும்பும் செம்பும். காசு கொடுத்தால் வாங்கிவிடலாம். உண்மையான பூட்டு வேறு இடத்தில் இருக்கிறது: பேச்சில்.

இந்தியாவில் இப்போது பரவலாக உள்ள சிசிஎஸ்2 என்ற டிசி சார்ஜிங் முறையின் துப்பாக்கியைக் காரில் சொருகியதும் என்ன நடக்கிறது என்று பார்ப்போம். மேல் வட்டத்தின் ஏழு துளைகளில் ஒன்று 'பைலட்' கம்பி. அதில் நிலையம் நொடிக்கு ஆயிரம் முறை துடிக்கும் ஒரு சமிக்ஞையை அனுப்புகிறது. அந்தத் துடிப்பின் அகலம்தான் செய்தி. ஏசி சார்ஜிங்கில் 'இத்தனை ஆம்பியர் எடுத்துக்கொள்ளலாம்' என்று அந்த அகலமே சொல்லிவிடும். அகலம் 5 சதவீதம் என்று வந்தால் பொருள் வேறு: 'டிஜிட்டலாகப் பேசு, இல்லாவிட்டால் வேலை நடக்காது.' உடனே அதே கம்பியின் மீது இணையப் பொட்டலங்களைப் போன்ற தகவல்கள் ஏறுகின்றன. கார் தன் பேட்டரியின் உச்ச வோல்ட், உச்ச ஆம்பியர், இப்போதைய இருப்பு எல்லாவற்றையும் சொல்கிறது. நிலையம் தன் சக்தியைச் சொல்கிறது. பிறகு காரின் காண்டாக்டர்கள் திறந்தே இருக்க, நிலையம் கேபிளில் மட்டும் வோல்ட்டை ஏற்றி எங்கேயாவது கசிகிறதா என்று சோதிக்கிறது. அடுத்து பேட்டரியின் வோல்ட்டுக்கு மிக அருகில், 20 வோல்ட் வித்தியாசத்துக்குள், தன் வோல்ட்டைக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அப்போதுதான் 'டொக்.' காண்டாக்டர் மூடுகிறது. அதற்குப் பின் நொடிக்குப் பலமுறை கார் கேட்கிறது, நிலையம் கொடுக்கிறது. இங்கே எஜமான் கார்தான், நிலையம் வேலையாள். முடிந்த பிறகும் ஒரு சோதனைக்கு இடமுண்டு: திறக்கச் சொன்ன காண்டாக்டர் உண்மையில் திறந்ததா, ஒட்டிக்கொண்டதா?

எல்பிஜி கிட் எந்த இன்ஜினிடமும் அனுமதி கேட்டதில்லை. கார்புரேட்டர் வாயில் எரிவாயுவைக் காட்டினால் இன்ஜின் குடித்தது. இங்கே காரின் பேட்டரி மேலாண்மைக் கணினி 'எனக்கு வேகச் சார்ஜிங் உண்டு' என்று தன்னைப் பற்றியே அறிந்திருக்க வேண்டும். அறியாத கணினி, வெளியிலிருந்து பேட்டரிக்குள் பாயும் 125 ஆம்பியரை உதவியாக எடுத்துக்கொள்ளாது. கோளாறு என்று முடிவுகட்டி எல்லாத் தொடர்பையும் துண்டிக்கும். கண்ணுக்குத் தெரியும் இரண்டு துளை இந்த ஏற்பாட்டில் ஆகச் சிறிய பகுதி.

அமெரிக்காவில் இந்தத் துளைகளுக்கு ஒரு காலத்தில் தனி விலை இருந்தது. 2011ஆம் ஆண்டு லீஃப் காரின் உயர் ரகத்தில் 700 டாலர். மிட்சுபிஷி ஐ-மீவில் 700. 2014இல் பிஎம்டபிள்யூ ஐ3 வந்தபோதும் 700. 2017 மாடலாக வந்த செவ்ரோலே போல்ட்டில் 750. கம்பெனிகள் பேராசையால் மட்டும் இப்படிச் செய்ததாகச் சொல்ல மாட்டேன். 2011இல் அங்கே வேகச் சார்ஜிங் நிலையத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். காரின் விலையைக் கொஞ்சமாவது குறைத்துக் காட்ட, பயன்படாத ஒன்றை விருப்பத்துக்கு விட்டார்கள். வாங்கியவரும் 'தினம் அலுவலகம் போய் வரத்தானே, வீட்டிலேயே சார்ஜ் செய்துகொள்கிறேன்' என்று வேண்டாமென்றார்.

அதில் போல்ட்டின் கதை மற்றவற்றைவிட உறுத்தலானது. லீஃபும் ஐ-மீவும் ஊருக்குள் ஓட்டும் கார்கள். போல்ட்டில் 60 யூனிட் பேட்டரி, ஒரு சார்ஜில் 238 மைல், அதாவது 380 கிலோமீட்டருக்கு மேல். வெளியூர் போகவே செய்ததுபோன்ற கார். வேகச் சார்ஜிங் இருந்தால் அரை மணி நேரத்தில் 90 மைல் ஓடும் அளவுக்கு ஏறும். இல்லையென்றால் 7.2 கிலோவாட் ஏசியில் ஒன்பது மணி நேரத்துக்கும் மேல் நிற்க வேண்டும். தொழிற்சாலையில் அந்த 750 டாலர் பெட்டியை டிக் செய்யாத காருக்குப் பின்னால் அதைச் சேர்க்கும் வழியைக் கம்பெனி தரவில்லை. இதற்கிடையே டீசல் மோசடி வழக்கின் உடன்பாட்டுப்படி ஃபோக்ஸ்வாகன் 200 கோடி டாலர் செலவிட ஒப்புக்கொண்டது. அதிலிருந்து பிறந்த எலக்ட்ரிஃபை அமெரிக்கா 2018இலிருந்து நெடுஞ்சாலைகளில் நிலையங்களை நடத் தொடங்கியது. சாலையில் வசதி வந்தபோது காரில் துளை இல்லை. 2022 மாடலில் அதை எல்லா போல்ட்டிலும் கொடுத்துவிட்டார்கள். பழைய கார்கள் பழையபடியே.

இதில் அடி வாங்குவது முதலில் வாங்கியவர் அல்ல. அவர் தெரிந்து தேர்ந்தெடுத்தார். நான்கு வருடம் கழித்து இரண்டாம் கையாக வாங்குகிறவர், விளம்பரத்தில் 'போல்ட்' என்ற பெயரைப் பார்த்து, துளை உள்ளதும் இல்லாததும் ஒன்றென்று நினைத்து வாங்குகிறார். ஒருவர் மிச்சம் பிடித்த 750 டாலரை, காரின் எஞ்சிய ஆயுள் முழுக்க வேறொருவர் செலுத்துகிறார்.

டெஸ்லா எதிர்த்திசையில் போனது. 2012, 2013இல் 60 யூனிட் மாடல் எஸ் வாங்குகிறவருக்கு சூப்பர்சார்ஜர் என்ற வேகச் சார்ஜிங் வசதி தனி விலை: வாங்கும்போதே கேட்டால் 2,000 டாலர், பிறகு கேட்டால் 2,500. ஆனால் பணம் கட்டினாலும் கட்டாவிட்டாலும் உள்ளே காண்டாக்டரும் கேபிளும் இருந்தன. எல்லாரும் ஒருநாள் வாங்குவார்கள் என்ற கணக்கில் எல்லாக் காரிலும் வைத்தே அனுப்புகிறோம் என்று 2013 மார்ச்சில் கம்பெனியே சொல்லிவிட்டது. வாங்கிய பிறகு வேகச் சார்ஜிங் சேர்ப்பது அங்கே ஒரு மென்பொருள் திறப்பு மட்டுமே. காரில் இருக்கும் பொருளுக்கு மீண்டும் காசா என்று அன்று கோபப்பட்டவர்கள் உண்டு. எனக்கும் அந்த வியாபாரம் ரசிக்கவில்லை. ஆனாலும் போல்ட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால், பூட்டிய கதவு கதவே இல்லாத சுவரைவிட மேல்.

கதவே இல்லாத சுவரை உடைத்துத் திறந்தவர்களும் இருக்கிறார்கள். டொயோட்டா 2012 முதல் 2014 வரை கலிஃபோர்னியாவில் ராவ்4 ஈவி என்ற காரைச் சுமார் 2,500 எண்ணிக்கையில் விற்றது. பேட்டரியும் மோட்டாரும் டெஸ்லாவுடையவை. 41.8 யூனிட், 10 கிலோவாட் ஆன்போர்டு சார்ஜர், வேகச் சார்ஜிங் கிடையவே கிடையாது. குவிக் சார்ஜ் பவர் என்ற சிறு நிறுவனம் இதற்கென்றே ஜேடெமோ என்ற கிட்டைச் செய்து, 3,000 டாலர் அளவில் விலை வைத்து, ஜப்பானிய சாடெமோ முறை துளையைக் காரில் பொருத்திக் கொடுத்தது. வேலை செய்தது.

அவர்கள் சாடெமோவை எடுத்துக்கொண்டதில் ஒரு சூட்சுமம் உண்டு. சாடெமோ நிலையம் காரோடு பேசும் மொழி கேன் பஸ், அதாவது காரின் உறுப்புகள் தங்களுக்குள் ஏற்கெனவே பேசிக்கொள்ளும் அதே மொழி. மின்னணு கற்ற ஒருவர் ஒட்டுக்கேட்டு, புரிந்து, திருப்பிப் பேச முடியும். சிசிஎஸ் பேசும் மொழியோ வீட்டு மின்கம்பியில் இணையம் அனுப்பும் தொழில்நுட்பத்திலிருந்து வந்தது. கைவேலைக்காரர்களுக்கு வெகுகாலம் அது எட்டாக்கனி. பழைய பெட்ரோல் கார்களை மின்காராக மாற்றும் ஐரோப்பிய ஆர்வலர்கள் இதற்கும் வழி கண்டார்கள். விபத்தான பிஎம்டபிள்யூ ஐ3 கார்களிலிருந்து சார்ஜிங்கைக் கவனிக்கும் கணினிப் பெட்டியைக் கழற்றி, அதற்கு ஐ3 காருக்குள்ளேயே இருப்பதாகப் போக்குக்காட்டி, தங்கள் காருக்காகப் பேசவைத்தார்கள். பைபிஎல்சி என்ற திறந்த மென்பொருள் திட்டம் இன்னும் ஒரு படி மேல்: மின்கம்பி வழியே வீட்டுக்குள் இணையம் கடத்தக் கடையில் விற்கும் சாதாரண அடாப்டரை அமைப்பு மாற்றி, அதை வைத்தே சிசிஎஸ் நிலையத்தோடு பேசக் கற்றுக்கொண்டது.

இதைப் படித்துவிட்டு யாரும் திருப்புளியைத் தூக்க வேண்டாம். இங்கே வெற்றி கண்டவர்கள் பெரும்பாலும் தாங்களே கட்டிய காரில் செய்தவர்கள். அந்தக் காரின் ஒவ்வொரு கணினியும் அவர்கள் சொன்னதைக் கேட்கும். ராவ்4 விதிவிலக்கு. அதற்கும் ஒரே மாடலை வருடக்கணக்கில் குடைந்த ஒரு குழு தேவைப்பட்டது. மூலப்பொருளின் விலை பிரச்சினையே அல்ல, ஒரு மாடலை முழுதாகப் புரிந்துகொள்ள ஆகும் உழைப்பைப் பங்குபோட எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் கணக்கு. தெருமுனை இன்வெர்ட்டர் கடையில் அந்தக் கணக்கு ஒருநாளும் சேராது.

நம் நாட்டிலும் இதன் சொந்தப் பதிப்பு ஒன்று நடந்து முடிந்திருக்கிறது. 2016இல் வந்த மஹிந்திரா இ-வெரிட்டோவில் மூன்று ரகம், உச்ச ரகத்துக்கு மட்டும் வேகச் சார்ஜிங். 2017இல் அரசு நிறுவனமான ஈஈஎஸ்எல் 10,000 மின்கார்களுக்கு டெண்டர் விட்டபோது டாடா டிகோரோடு இந்தக் காரும் அரசு அலுவலகங்களுக்குப் போயிற்று. அந்த நாளில் வகுத்த பாரத் டிசி-001 தரத்தின் உச்சம் 15 கிலோவாட். இ-வெரிட்டோவின் பேட்டரி 72 வோல்ட். இப்போது சாலையில் நிற்கும் சிசிஎஸ்2 நிலையங்களில் பெரும்பாலானவை 150, 200 வோல்ட்டுக்குக் கீழே இறங்குவதில்லை. எனவே துளையை மாற்றினாலும், அடாப்டர் போட்டாலும், பேச்சையே கற்றுக்கொடுத்தாலும் 72 வோல்ட் காருக்கு அங்கே பருக்கை கிடைக்காது. பாதை போட்ட பிறகு பாதையின் அகலத்தை மாற்றிய கதை இது. அந்த வண்டிகள் பழைய கார் சந்தைக்கு வந்தால், விலையைப் பார்த்து மயங்குகிறவர்கள் முதலில் வோல்ட்டைக் கேட்க வேண்டும்.

இன்றைய கார்களில் குழப்பம் சொல்லில் இருக்கிறது. எம்ஜி காமெட் 2023இல் வந்தபோது 17.3 யூனிட் பேட்டரி, 3.3 கிலோவாட் ஏசி, முழுதாக ஏற ஏழு மணி நேரம். 2024இல் 'ஃபாஸ்ட் சார்ஜிங்' என்பதைக் குறிக்கும் இரண்டெழுத்தோடு புது ரகங்கள் வந்தன. அவற்றில் உள்ளது 7.4 கிலோவாட் ஏசி. நெடுஞ்சாலையின் டிசி துப்பாக்கி அவற்றிலும் நுழையாது. டாடா டியாகோ ஈவி 2022இல் வந்தபோது டிசி வசதி எல்லா ரகத்திலும் இருந்தது. 50,000 ரூபாய் கூடுதலாகக் கொடுத்து வாங்க வேண்டியிருந்தது 7.2 கிலோவாட் ஏசி சார்ஜர். ஒரே சொல், ஒரு கம்பெனியில் ஒன்று, இன்னொன்றில் வேறு. ஷோரூமில் "ஃபாஸ்ட் சார்ஜிங் இருக்கா?" என்று கேட்டு "இருக்கு சார்" என்ற பதிலோடு திரும்பி வருவது பாதி பதிலோடு திரும்பி வருவதுதான்.

சட்டம் என்ன சொல்கிறது? மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவு, பதிவுச் சான்றிதழில் உள்ள விவரங்கள் உற்பத்தியாளர் கொடுத்ததிலிருந்து மாறும்படி வண்டியைத் திருத்தக் கூடாது என்கிறது. கேரளத்திலிருந்து போன வழக்கில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதை அழுத்திச் சொன்னது. சார்ஜிங் துளையைப் பற்றி ஆர்.சி. புத்தகத்தில் ஒரு வரியும் இல்லைதான். ஆனால் ஏஐஎஸ்-038 தரப்படி சோதித்து அனுமதி வாங்கிய மின்னமைப்பு, நாம் பேட்டரியைத் திறந்து கேபிள் சேர்த்த நிமிடமே அந்தச் சோதனைக்கு உட்பட்ட அமைப்பாக இருப்பதில்லை. எட்டு வருட பேட்டரி வாரண்டியும் அத்தோடு போகும். நாளை தீப்பிடித்தால் காப்பீட்டு நிறுவனத்திடம் என்ன சொல்வது? இந்தக் கேள்வி ஒன்றே என்னைப் பொறுத்தவரை போதும்.

ஆசிரியரிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. வேறொரு கணக்குப் போட்டுக் காட்டினேன். இரவு பத்து மணிக்குச் சொருகி காலை ஆறு மணிக்கு எடுத்தால் எட்டு மணி நேரம். 3.3 கிலோவாட்டில் 26 யூனிட். அவருடைய பேட்டரியே அந்த அளவு கிடையாது. ஊருக்குள் போக இதற்குமேல் எந்த வேகமும் தேவையில்லை. வெளியூர் என்றால் அது வேறு விஷயம். சென்னையிலிருந்து விழுப்புரம் 160 கிலோமீட்டர். அங்கே இறங்கி ஐந்தாறு மணி நேரம் பிளக் பக்கத்தில் உட்கார யாராலும் ஆகாது. "அப்ப பஸ்ல போயிடுறேன்" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

உற்பத்தியாளர்கள் 700 டாலர் காலத்துக்குத் திரும்பக் கூடாது. டிசி துளை இல்லாமல் விற்கும் காரின் விளம்பரத்திலும் விலைப்பட்டியலிலும் 'டிசி சார்ஜிங் இல்லை, பின்னர் சேர்க்க இயலாது' என்று பெரிய எழுத்தில் அச்சிடச் செய்வது அரசுக்குக் கடினமான வேலை அல்ல. 'ஃபாஸ்ட்' என்ற சொல்லை எத்தனை கிலோவாட் என்ற எண் இல்லாமல் பயன்படுத்தவும் தடை வேண்டும்.

அது வரும்வரை, பழைய மின்கார் பார்க்கப் போகிறவர்கள் டயரை உதைப்பதற்கு முன்னால் சார்ஜிங் மூடியைத் திறந்து பாருங்கள். சில கார்களில் கீழ்ப்பாதியைத் தனியாக ஒரு ரப்பர் மூடி மறைத்திருக்கும். அதையும் இழுத்துப் பாருங்கள். இரண்டு பெரிய துளை தெரிந்தால், பக்கத்திலுள்ள சிசிஎஸ்2 நிலையத்துக்கு விற்பவரையும் கூட்டிக்கொண்டு போய் ஐந்து நிமிடம் சார்ஜ் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். தெரியவில்லை என்றால், அந்தக் காரில் அது இல்லை. வெளியிலும் போட முடியாது.